சாமியும் சிகிச்சையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

மனநல சிகிச்சை, கடவுள் நம்பிக்கை இரண்டையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை, அது மனநல மருத்துவரின் வேலை.

தம்பிக்கு 22 வயது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், கொஞ்சம் தேவலை. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தால் போதும், மாத்திரையை நிறுத்திவிடு என்கிறார் பெரியப்பா. என்ன செய்யட்டும் மேடம்?

தாராளமாக அழைத்துப் போங்கள். மாத்திரையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

கோயிலில் தங்கி ஆறுதல் அடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பெரும்பாலானோருக்குத் தீவிர மனநோய். அங்கே மருந்து தரப்படவில்லை, ஆனாலும் நோய்க்குறிகள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. காலையில் பூஜை, அப்புறம் வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூடவே குடும்பத்தில் ஒருவர். மிரட்டல் இல்லாத அந்தச் சூழல்தான் பலன் தந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் மருந்தே வேண்டாம் என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியாது. மருந்தை நிறுத்தினால் குரல்கள் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம், சில சமயம் முன்பைவிட மோசமாக.

எந்த இடமானாலும் கட்டிவைக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவது எந்த விதத்திலும் குற்றம். "சாமி உத்தரவு" என்று சொன்னாலும் குற்றம்தான். பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

சாமி கும்பிடும்போது அசிங்கமான வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. சுலோகத்தை முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே விடிந்துவிடுகிறது. தெய்வக் குற்றமா, யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா?

இரண்டும் இல்லை அம்மா. ஓசிடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது மாதிரி. அதே நோய் பக்தி உள்ளவர்களிடம் இந்த வேடத்தில் வரும். யாருக்கு எது மிகவும் உயர்ந்ததோ, அதைத்தான் போய்ப் பிடிக்கும். குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கும் தாய்க்குக் குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வருவதும் இதே நோயில்தான். கெட்டவராக இருந்தால் உங்களுக்கு இதில் பயமே வந்திருக்காது.

சிகிச்சையில் எண்ணத்தை விரட்டச் சொல்ல மாட்டோம். வந்தால் வரட்டும், ஆனால் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது, சுலோகத்தை மறுபடி தொடங்கக் கூடாது. முதல் சில வாரங்கள் தாங்க முடியாத பதற்றமாக இருக்கும். பரிகாரம் செய்யாமலே அந்தப் பதற்றம் தானாக இறங்குவதை மூளை மெல்லப் பழகிக்கொள்ளும். தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். நீங்கள் மதிக்கும் குருக்கள் ஒருவரிடம், "ஒரு தடவை சொன்னால் போதும்" என்ற வார்த்தையை வாங்கிக்கொள்வதும் நல்லது. ஒரே ஒரு முறை மட்டும். தினமும் போய்க் கேட்டால் அதுவே இன்னொரு பரிகாரமாகிவிடும்.

விசுவாசம் குறைந்ததால்தான் டிப்ரஷன் என்கிறார் எங்கள் பாஸ்டர். ஜெபித்தும் விடியவில்லை. ஆண்டவர் என்னைக் கைவிட்டாரா?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டாரே, 1 இராஜாக்கள் 19-ல். தேவதூதன் வந்து விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கவிட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். உங்கள் பாஸ்டருக்கு அந்த அதிகாரம் தெரியாமல் இருக்காது.

கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், துன்பத்தில் நம்பிக்கை இரண்டு விதமாக வேலை செய்வதைக் காட்டியிருக்கிறார். கடவுள் துணை நிற்கிறார் என்று நினைப்பவர் எழுந்து நிற்கிறார். தண்டிக்கிறார், கைவிட்டார் என்று நினைப்பவர் இன்னும் சரிகிறார். நோயுற்ற முதியவர்களை அவர் குழு இரண்டு ஆண்டுகள் கவனித்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகையினரிடம் இறப்பே கூடுதலாக இருந்தது. ஆகவே இந்த "கைவிட்டாரா" என்ற கேள்வியைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுவாருங்கள், வெட்கப்பட வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, இலவசம், தமிழில் பேசலாம்.

மதம் ஒரு நோய் என்று, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டே சொல்லிவிட்டார். நீங்கள் ஏன் பூசி மெழுகுகிறீர்கள்?

சொன்னார்தான். 1927-ல் மதத்தை மாயை என்று ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு அதற்கு மறுப்பு எழுதியவர் ஆஸ்கர் ஃபிஸ்டர், சுவிட்சர்லாந்துப் பாதிரியார், ஃபிராய்டின் முறையிலேயே சிகிச்சை செய்தவர். மறுப்பு வெளியானது ஃபிராய்டின் சொந்தப் பத்திரிகையில். கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். எனக்கு அந்த மரியாதை போதும், தம்பி. வருகிறவரின் கடவுளைப் பிடுங்குவதும் என் வேலை இல்லை, என் கடவுளைத் திணிப்பதும் என் வேலை இல்லை.

நல்ல கவுன்சிலரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், தப்பில்லை. உங்கள் ஜாதகத்தைக் கேட்பவரிடமும், நீங்கள் விபூதி பூசியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவரிடமும் இரண்டாம் முறை போகாதீர்கள்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். ரமலான் நோன்பு வைக்கலாமா?

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும், அளவு மீறினால் நஞ்சு. பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, அதுவும் கோடையில் வந்தால், இதில் விளையாட்டில்லை. ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை செய்து, முடியும் என்றால் மாத்திரை நேரத்தை மாற்றித் தருவார். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், நோயாளிக்குக் குர்ஆனிலேயே சலுகை உண்டு. ஹஜ்ரத்திடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அன்றே நோன்பை முறித்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.