எது இல்லாமல் முடியாது? – வாசகர் கேள்வி பதில்

அன்றாடம் கையாளும் பொருள்களில் எது இல்லாமல் ஒரு நாளும் நகராது என்று எழுதும்படி, சென்ற இதழில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, விடையாக இல்லாமல் கேள்வியாகவே இருந்தன. பிறருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

“என் மாமியார் காலத்தில் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எதுவும் இல்லாமலேயே குடும்பம் நன்றாக நடந்தது என்று என் கணவர் அடிக்கடி சொல்கிறார். கிரைண்டர் பழுதாகி இரண்டு வாரமாகியும் அதைச் சரிசெய்ய அவர் அக்கறை காட்டவில்லை. இவற்றில் எது உண்மையான தேவை, எது வெறும் பழக்கம்?” – வாசகி, பாலக்கோடு

சகோதரி, குடும்பம் நடந்தது என்பது உண்மைதான். யாருடைய கைகளால் நடந்தது என்பதை உங்கள் கணவர் தம் தாயிடமே ஒருமுறை உட்கார்ந்து கேட்கட்டும். நம் பக்கத்தில் இட்லியும் தோசையும் பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரியவையாக இருந்த காலம் அது. அன்றாடச் சாப்பாடு ராகிக் களி. அந்த ராகியை, கோழி கூவும் முன்பே எழுந்து திருகையில் திரித்தவர்கள் பெண்கள். ஊருக்குள் மாவு மில் வந்த பிறகு திருகை ஓய்ந்தது. ஆட்டுக்கல் ஓய்வதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டு, குனிந்த முதுகு நிமிராமல் உளுந்தையும் அரிசியையும் தனித்தனியே ஆட்டி முடிக்க, பெரிய குடும்பமானால் ஒரு பிற்பகல் முழுவதும் போய்விடும். அதன் பிறகுதான் இரவுச் சமையலே தொடங்கும்.

மின்சாரத்தில் சுற்றும் கிரைண்டரை 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் உருவாக்கினார். நகரத்து ஓட்டல்களிலும் வசதியுள்ள வீடுகளிலும் மட்டும் இருந்துவந்த அந்தப் பொருள், நம் மாவட்டங்களின் குடிசை வீடுகள் வரை வந்து சேர்ந்ததற்கு, 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் பெரிய காரணம். அந்தத் திட்டத்தைப் பற்றி அரசியல் மேடைகளில் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து பழகிய ஒரு பெண் அதை எப்படிப் பார்த்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு பொருள் இன்றியமையாததா என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான். அது பழுதாகிக் கிடக்கும் நாளில் வீட்டில் யாருடைய வேலை கூடுகிறது, எவ்வளவு கூடுகிறது? கிரைண்டர் நின்றதால் உங்கள் கணவருக்கு ஒரு நிமிட வேலைகூட அதிகமாகவில்லை. அவர் அவசரம் காட்டாததற்குக் காரணம் அதுவே. இந்தக் கணக்கின்படி கிரைண்டர் முதல் இடத்தில் நிற்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், அரைத்த மாவை நான்கு நாள் காத்துத்தரும் ஃபிரிட்ஜும் அதற்கு அடுத்த இடத்தில் நிற்கும். விளம்பரம் பார்த்து வாங்கி, அலமாரியின் மேல்தட்டில் அட்டைப் பெட்டியோடு உறங்கும் பொருள்கள் வேறு வகை. அவை பழுதானால் யாருக்கும் தெரியாது.

பழுதைப் பற்றி ஒரு சொல். மோட்டார் உறுமுகிறது, கல் மட்டும் சுற்றவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே உள்ள பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி அதே அளவில் வாங்கினால் சிறு செலவில் முடிந்துவிடும். அடுத்த முறை பழுது பார்ப்பவர் வரும்போது, பெல்ட் மாற்றுவதை உங்கள் கணவரும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும்.

“எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இல்லாமல் தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் அது தேவையா?” – வாசகர், பென்னாகரம்

இந்தப் பயத்துக்கு நம் மண்ணில் காரணம் இருக்கிறது. நம் இரு மாவட்டங்களின் அடியில் உள்ள கடினப் பாறைகளிலிருந்து புளூரைடு என்னும் உப்பு நிலத்தடி நீரில் கரைந்து கலக்கிறது. குழந்தைப் பருவத்தில், நிலையான பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அந்த நீரைத் தொடர்ந்து குடித்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை படிந்து நிற்பதை நம் ஊர்களில் எத்தனையோ பேரிடம் பார்க்கிறோம். பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. அப்படி இறுகியதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, புளூரைடு பாதிப்பைக் குறைப்பது அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

ஆகவே, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் காவிரி நீர் தடையில்லாமல் வருகிறது என்றால், புளூரைடுக்காக உங்களுக்கு ஆர்.ஓ. இயந்திரம் தேவையில்லை. காய்ச்சிக் குடித்தால் போதும். சிக்கல் எப்போது வருகிறதென்றால், குழாய் நீர் சில நாள் வராதபோது ஆழ்துளைக் கிணற்று நீரை அதே தொட்டியில் ஏற்றுகிறோம். பல ஊர்களில் இரண்டும் கலந்தே வருகின்றன. ஆழ்துளை நீரைக் காய்ச்சுவதால் புளூரைடு போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். சாதாரண வடிகட்டிகளும் அதை நீக்குவதில்லை. ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் நீரை வடிக்கும் நுண்ணிய சவ்வு அதன் பெரும்பகுதியை நீக்கும்.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். விற்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியை உங்கள் தண்ணீரில் நனைத்து, அதில் தெரியும் எண்ணைக் காட்டி அச்சமூட்டுவார். அந்த டி.டி.எஸ். கருவி, நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடுகிறது; அதில் புளூரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எண் குறைவாக இருக்கும் நீரிலும் புளூரைடு மிகுந்திருக்கலாம். அதை நம்பகமாகச் சொல்வது ஆய்வகச் சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி, குழாய் நீரையும் ஆழ்துளை நீரையும் தனித்தனியே சோதித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அந்த எண் கையில் வந்த பிறகு இயந்திரத்தைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. ஒரு குடம் நல்ல நீர் கிடைக்க, பெரும்பாலும் அதைவிட அதிகமான நீரை அது கழிவாக வெளியே விடுகிறது. அதை வீணாக்க மனம் வராமல் சோறு வடிக்கவும் குழம்புக்கும் பயன்படுத்தும் வீடுகளை நான் அறிவேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சவ்வு தடுத்து நிறுத்திய புளூரைடு முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்திருக்கிறது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் அது போதும்.

“எனக்கு மொபைல் ஸ்டார்ட்டர் இல்லாமல் விவசாயமே இல்லை. அப்பாவோ, மோட்டார் போடக்கூட நடக்க மாட்டாயா என்று திட்டுகிறார். இது சோம்பேறித்தனமா?” – விவசாயி, ஊத்தங்கரை

இல்லை. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து, வரப்பில் பாம்புக்கும் வழுக்கலுக்கும் அஞ்சியபடி, கையில் டார்ச்சோடு கிணற்றடிக்குப் போனவர் உங்கள் அப்பா. அவர் பட்ட பாட்டை மதிக்க வேண்டும். அதற்காக நீங்களும் அதே பாட்டைப் படவேண்டும் என்பதில்லை. சிம் அட்டை பொருத்திய அந்தப் பெட்டிக்கு ஓர் அழைப்பு விடுத்தால் மோட்டார் ஓடுகிறது, இன்னோர் அழைப்பில் நிற்கிறது. மும்முனைகளில் ஒன்றில் (ஒரு பேஸில்) மின்சாரம் போனாலோ, கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலோ, தானே நிறுத்தும் வசதியும் பலவற்றில் உண்டு. காயில் எரிந்த நீர்மூழ்கி மோட்டாரை ஆழ்துளையிலிருந்து குழாய் குழாயாகக் கழற்றி மேலே தூக்கும் செலவைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் இதில் உயிரோடு விளையாடும் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்பெல்லாம் மோட்டாரைப் போடுபவர் கிணற்றடியில் நின்றார். கிணற்றுக்குள் ஆள் இறங்கியிருந்தால் அவர் கண்ணுக்குத் தெரியும். இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே மோட்டாரைப் போட முடிகிறது. அதே நேரத்தில் அப்பா இங்கே உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள புட்வால்வின் அடைப்பை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால்? மின்சாரம் வந்ததும் தானே ஓடும்படி ‘ஆட்டோ’வில் வைத்திருந்தால் யாரும் அழைக்கக்கூட வேண்டியதில்லை. கிணற்றிலோ மோட்டாரிலோ பெட்டியிலோ கை வைக்கும் முன், மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி, இறங்குபவர் தம்மோடு வைத்துக்கொள்ளவோ நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைக்கவோ வேண்டும். கட்டை பெட்டியிலேயே இருந்தால் யாராவது பொருத்திவிடுவார்கள். இந்த ஒழுங்கை உங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

‘ஆட்டோ’வைப் பற்றி இன்னொன்று: மின்சாரம் இலவசம் என்பதால், பயிருக்கு வேண்டுமோ வேண்டாமோ மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். கிணறு விரைவில் வற்றுவதற்கு அது ஒரு காரணம். அப்பா நடந்துபோன காலத்தில் மடை நிறைந்ததைக் கண்ணால் பார்த்து நிறுத்தினார். அந்தப் பார்வையை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

“பணம், பேருந்துச் சீட்டு, வீட்டார் எண்கள் எல்லாம் கைபேசியில்தான். அது தொலைந்தால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தாலே நடுக்கம் வருகிறது.” – தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

தம்பி, நடுக்கத்தை ஒரு தாளாக மாற்றுங்கள். வீட்டார் இருவரின் எண்கள், வங்கியின் உதவி எண், கைபேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை எழுதி, ஒன்றைப் பணப்பையிலும் ஒன்றை அறையிலும் வையுங்கள். *#06# என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கி, வங்கிக்குத் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். அந்தப் புகாரைக் கொண்டு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியையே முடக்கலாம். பணம் களவு போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். யு.பி.ஐ. 2016-இல்தான் வந்தது, அதற்கு முன் நாம் செய்ததுபோல, ஊருக்குத் திரும்பிப் போகப் போதுமான ரொக்கத்தைத் தனியே மடித்து வைத்திருங்கள்.

“எழுபது வயதாகும் அப்பா தமது பழைய மொபெட்டை விட மறுக்கிறார். நெடுஞ்சாலையில் போகும்போது எங்களுக்கு உயிரே இல்லை.” – வாசகர், காவேரிப்பட்டணம்

இரண்டு பேர் செல்லக்கூடிய டிவிஎஸ் 50 மொபெட், 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பால் கேனும் தீவனக் கட்டும் மாங்காய்க் கூடையும் சுமந்து, சிறு விவசாயியைப் பிறர் தயவில்லாமல் சந்தைக்குக் கொண்டுசேர்த்த வண்டி அது. அதை அப்பாவிடமிருந்து பிடுங்கினால், மாத்திரை வாங்கவும் டீ குடிக்கவும்கூட அவர் உங்களில் ஒருவரைக் கேட்டு நிற்க வேண்டும். அந்த இழப்பை உணராமல் பேசினால் அவர் கேட்கமாட்டார். பிடுங்காமல் எல்லை வகுத்துப் பாருங்கள்: பகலில் மட்டும், ஊர்ச் சாலையில் மட்டும், தலைக்கவசத்தோடு. நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய வேலைகளுக்கு நீங்கள் அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டு, அந்தச் சொல்லைத் தவறாமல் காப்பாற்றுங்கள். இந்த வயதில் ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அதற்கான மருத்துவச் சான்றை வெறும் கையெழுத்தாக வாங்காமல், கண்ணையும் காதையும் உண்மையாகவே சோதிக்கச் செய்யுங்கள்.

“முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது வாங்கித்தர ஆசை. எதைக் கேட்டாலும் ‘எனக்கெதுக்கு’ என்கிறார். புளி தட்டும் வேலைக்குப் போகிறார். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்.” – வாசகி, அரூர்

மகளே, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவருக்குத் தேவை கண்ணாடி. நாற்பது வயதுக்குப் பிறகு கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குறைந்து, அருகில் உள்ளவை மங்குவது எல்லோருக்கும் நேர்வது. ஆண்கள் செய்தித்தாள் படிக்கத் திணறியதும் கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்குவதும், புளியில் கொட்டையும் நாரும் நீக்குவதும், மாத்திரை அட்டையைப் படிப்பதும் பெண்களுக்குக் கடினமாகும்போது, வயதாகிவிட்டது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒருவர்கூடத் தம் கண்ணாடியைக் குறிப்பிடவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது.

கடையில் தொங்கும் ஆயத்தக் கண்ணாடியை நேரே வாங்கிவிடாதீர்கள். கண்புரை, கண் நீர் அழுத்தம், சர்க்கரை நோயால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு ஆகியவையும் மங்கலாகவே தொடங்கக்கூடும் என்பதால் சோதனை முதலில் நடக்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். அம்மா தனியே போகமாட்டார். ஒரு நாள் விடுப்பு எடுத்து நீங்களே அழைத்துச் செல்லுங்கள், சர்க்கரை அளவையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள். எண் எழுதித் தரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தொலைவில் வைத்துப் புளி தட்டுகிறார் என்பதை மருத்துவரிடம் கையால் அளந்து காட்டச் சொன்னால், அந்தத் தொலைவுக்குப் பொருந்தும்படி கண்ணாடியை எழுதித் தருவார்.