9 விழுக்காடு யாருக்குத் திரும்பி வரும்?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

மதுரையிலிருந்து என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, குடும்பத்தோடு வந்திருக்கிறார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். "வரி கம்மியா இருக்கிற ஊருக்குத்தான் பணக்காரன் வருவான். அவன் வந்தா ஊர் மினுங்கும். மினுங்குற ஊரைப் பார்க்கத்தான் டூரிஸ்ட் வருவான். நம்ம ஊர்லயும் வரியைக் குறைச்சா மதுரையும் சிங்கப்பூர் ஆயிடும்" என்கிறார். இங்கே சிங்கப்பூரில் வரி குறைவு என்று யார் சொன்னது என்பது என் கட்சி. நேற்று ரேஸ் கோர்ஸ் சாலையில் 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டுவிட்டு 95 வெள்ளி 92 காசு கட்டினேன்.

மதினி சிராங்கூன் சாலையில் 2,180 வெள்ளிக்கு ஒரு சங்கிலி வாங்கினார். விலையில் சேரும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியை (பொருள் சேவை வரி) திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, கடையில் பாஸ்போர்ட்டையும் பதிந்துகொண்டார்கள். அவர்கள் இங்கிருந்து பேருந்தில் கோலாலம்பூர் போய், அங்கே விமானம் ஏறுகிறார்கள். பணத்தை எந்த இடத்தில் வாங்குவது? இதைக் கேட்டுவிட்டு என்னோடு துவாஸில் வேலை பார்க்கும் ஒர்க் பர்மிட் தம்பிகள், "அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் வராதா?" என்கிறார்கள். என்ன சொல்வது?

கே., ஈசூன்

அன்புள்ள கே.,

சங்கிலியிலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் அவசரம். பேருந்தில் போனால் ஒரு காசும் வராது. உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ தரைமார்க்கமாக வெளியேறுபவருக்குச் சுற்றுப்பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் இந்தத் திட்டம் கிடையாது. சாங்கி அல்லது சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து பறக்க வேண்டும், இல்லையென்றால் அனைத்துலகச் சொகுசுக் கப்பலில் ஏற வேண்டும். கடைக்காரர் பாஸ்போர்ட்டைப் பதிந்ததோடு பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி சாங்கியில்.

பேருந்தை விட்டுவிட்டு சாங்கியிலிருந்தே கோலாலம்பூருக்குப் பறந்தால் பணம் கிடைக்கும். வாங்கியவர்தான் பொருளோடு பறக்க வேண்டும், ஆகவே மதினி மட்டும் விமானத்தில் போனாலும் போதும். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலரும் 2,180-க்கு 9 விழுக்காடு போட்டு 196 வெள்ளி வரும் என்று காத்திருப்பார்கள். விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் 109-ல் 9 பங்குதான் வரி: 180 வெள்ளி. அதிலும் பணத்தைத் திருப்பித் தரும் முகவர் நிறுவனம் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தால் கைக்காசு போகும். ஒருவருக்கு எடுத்தால் கட்டுப்படியாகலாம்.

விமான நிலையத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். பொருள் பெரிய பெட்டியில் போவதாக இருந்தால், பெட்டியைப் போடுவதற்கு முன்பே புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும். பெட்டியை அனுப்பிவிட்டு வந்து நின்றால், சுங்க அதிகாரி "பொருளைக் காட்டுங்கள்" என்னும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நகையை யாரும் பெட்டியில் போடமாட்டார்கள், கையோடுதான் போகும். அதற்குக் குடிநுழைவைத் தாண்டியபின் உள்ளே இருக்கும் இயந்திரமே போதும். திரையில் அனுமதி வந்துவிட்டால் கடன் அட்டைக்கோ ரொக்கமாகவோ கேட்கலாம். சுங்க முகப்புக்குப் போகச் சொன்னால் சங்கிலியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் இதெல்லாம் முடிய வேண்டும், அனுமதி கிடைத்த 12 மணி நேரத்துக்குள் விமானம் ஏற வேண்டும்.

சின்னச் சின்னதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஒரே கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். ஒரே நாளில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு 70, நாளைக்கு 70 என்றால் இரண்டும் போச்சு. ஓட்டல் அறை, சாப்பாடு எதற்கும் திரும்பாது. 99.5 விழுக்காடு தூய்மையுள்ள முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபரிலிருந்தே ஜிஎஸ்டி இல்லை, அதனால் திரும்ப வாங்கவும் ஒன்றுமில்லை. 916 நகைக்குச் செய்கூலி உட்பட முழு விலைக்கும் வரி உண்டு. இந்தியச் சுங்கம் தனிக் கணக்கு. இங்கே வரி திரும்பியது என்பதால் அங்கே யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அடுத்து உங்கள் உணவக பில். 80 வெள்ளி, அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் 8 வெள்ளி, ஆக 88. அந்த 88-க்கு 9 விழுக்காடு 7 வெள்ளி 92 காசு. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் ++ குறியின் பொருள் இதுதான், கூட்டிப் பார்த்தால் 19.9 விழுக்காடு. ஆனால் அந்த 8 வெள்ளி அரசாங்கத்துக்குப் போகவில்லை, கடைக்குப் போகிறது. அதை வரிக்கணக்கில் எழுதி உங்கள் கட்சியைப் பலப்படுத்தாதீர்கள். தேக்கா உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டுமே பில்லில் இருந்திருக்காது. ஆண்டு விற்றுமுதல் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத கடை ஜிஎஸ்டிக்குப் பதிந்துகொள்ளத் தேவையில்லை. பதியாத கடை வரி வாங்கவும் கூடாது.

இனி வாக்குவாதம். உங்கள் அண்ணனிடம் ஒரே ஊரைச் சொல்லுங்கள்: புருணை. தனிநபர் வருமான வரி கிடையாது, விற்பனை வரி கிடையாது. 1967-லிருந்து நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் சமமதிப்பு. மதுரையிலிருந்து யார் புருணைக்கு டூர் போகிறார்கள்? மறுபக்கம் லண்டனில் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. சுற்றுலாப் பயணிக்குக் கடையில் கட்டிய வரியைத் திருப்பித் தருவதையும் 2021-ல் நிறுத்திவிட்டார்கள். வணிகர்கள் இன்னமும் புலம்புகிறார்கள், கூட்டம் மட்டும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நியூயார்க்கில் அலமாரியில் இருக்கும் விலை ஒன்று, காசாளர் சொல்லும் விலை 8.875 விழுக்காடு கூடுதல். அங்கேயும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வரி விகிதத்தைப் பார்த்து யாரும் விசா எடுப்பதில்லை.

ஆனால் நீங்கள் சொல்வதும் பாதிதான் சரி. சம்பளத்தின்மீது இங்கே வரி குறைவுதான். வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 48,000 வெள்ளி என்றால் வரி 1,110 வெள்ளி. மாதத்துக்கு நூறு வெள்ளிகூட வராது. 10 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கே 24 விழுக்காடு, அதுதான் உச்சம். மூலதன ஆதாய வரி இல்லை. சொத்து வாரிசு வரியை 2008-ல் எடுத்துவிட்டார்கள். எழுந்து ஓடக்கூடியதன்மேல் கை வைக்காமல், ஓட முடியாததன்மேல் வைக்கிறார்கள்: வீடு, கார், கடைச்செலவு.

காரை எடுத்துக்கொள்வோம். இறக்குமதி மதிப்பு 30,000 வெள்ளி. உற்பத்தித் தீர்வை 20 விழுக்காடு, 6,000. இரண்டும் சேர்ந்த 36,000-க்கு ஜிஎஸ்டி 3,240. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 10,000-க்கு 140 விழுக்காடு, ஆக 34,000. இதற்கு மேல் சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் வண்டி கடைக்காரரின் லாபம் சேர்வதற்கு முன்பே 1,73,000-ஐத் தாண்டிவிடுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 1,50,001 வெள்ளிக்கே போனது. அதுவும் பத்தாண்டுக்குத்தான். உங்கள் அண்ணன் சாங்கியிலிருந்து ஈசூனுக்கு நெரிசல் இல்லாமல் வந்ததை மெச்சியிருந்தால், அவர் மெச்சியது இந்த வரியை. 1975-லேயே நகர மையத்துக்குள் வரும் காருக்குக் காசு கேட்கத் தொடங்கிய ஊர் இது.

வெளிநாட்டுப் பணக்காரனையும் சும்மா விடவில்லை. இந்தியக் குடிமகன் ஒருவர் 20 லட்சம் வெள்ளிக்குக் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கினால், வழக்கமான முத்திரைத் தீர்வை 69,600 வெள்ளி, வெளிநாட்டவர் என்பதற்காகக் கூடுதல் தீர்வை 60 விழுக்காடு, அதாவது 12 லட்சம். 2023 ஏப்ரலிலிருந்து இதுதான் விகிதம். அமெரிக்கக் குடிமகனுக்கு வணிக உடன்பாட்டின்படி சிங்கப்பூரருக்கு உள்ள விகிதமே. இந்த விஷயத்தில் பாஸ்போர்ட்டின் நிறத்துக்கு 12 லட்சம் மதிப்பு. பணக்காரன் வந்தால் ஊர் மினுங்கும் என்பவர், 2023 ஆகஸ்டில் பிடிபட்ட 300 கோடி வெள்ளி கள்ளப்பண வழக்கையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். வந்த எல்லாரும் விளக்கேற்ற வரவில்லை.

மதுரை சிங்கப்பூர் ஆகாது என்பதற்கு முக்கியக் காரணம் இதிலெல்லாம் இல்லை. இந்த அரசாங்கத்தின் வரவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரியிலிருந்து வருவதல்ல. பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த இருப்புநிதியை முதலீடு செய்து, எதிர்பார்க்கும் நீண்டகால வருமானத்தில் பாதி வரை வரவுசெலவுத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, அதை விற்ற பணம் செலவுக்குப் போகாமல் அந்த இருப்பில் சேர்கிறது. தாத்தா விட்டுப்போன வாடகை வீடுகள் இருப்பவன் குறைந்த சம்பளத்தில் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்து, வீடில்லாதவன் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது போலத்தான் உங்கள் அண்ணன் சொல்லும் யோசனை.

துவாஸ் தம்பிகளின் கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே கனமானது. மாதம் 1,000 வெள்ளி வாங்குபவருக்கு ஆண்டு வருமானம் 20,000-க்குள் இருப்பதால் வருமான வரி இல்லை. கடையில் வாங்கும் சோப்புக்கும் ஃபோனுக்கும் உங்களைப் போல 9 விழுக்காடுதான். குடிமக்களுக்கு இந்தச் சுமையைத் தணிக்க ஜிஎஸ்டி பற்றுச்சீட்டு உண்டு, அவர்களுக்கு இல்லை. இங்கே வேலை அனுமதியில் இருப்பதால் சுற்றுப்பயணி வரித் திருப்பமும் இல்லை. வெளிநாட்டில் பயன்படப்போகும் பொருளுக்கு உள்நாட்டு வரி வேண்டாம் என்பதுதானே திருப்பித் தருவதன் நியாயம்? தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிப் போகும் சங்கிலியும் ஊரில்தான் பயன்படப்போகிறது. மதினியின் சங்கிலிக்கு ஒரு நியாயம், இவருடைய சங்கிலிக்கு இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பும்போதாவது தரலாம் என்பது என் எண்ணம்.

அவர்களிடம் இன்னொன்றையும் கட்டாயம் சொல்லுங்கள், இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஊரிலிருந்து திரும்பி வரும்போது, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியில் இருந்த சிங்கப்பூரருக்கு 500 வெள்ளி வரையிலான புதுப் பொருள்களுக்கு வரி இல்லை, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரை. வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே 9 விழுக்காடு. உடுத்திய துணிக்கும் பயன்படுத்திய பொருளுக்கும் பிரச்சினையில்லை. புதுநகை என்றால் கடை ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, வருவதற்கு முன்பே சுங்கத்துறையின் இணையச் சேவையில் கட்டிவிடலாம், அல்லது வந்திறங்கியதும் வரி கட்டுவோருக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லலாம். பீடி, சிகரெட்டுக்கு யாருக்குமே சலுகை இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் தீர்வை கட்ட வேண்டும். "நண்பன் கொடுத்துவிட்டான்" என்பதும் அங்கே எடுபடாது. பை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.