சென்னையில் குற்றம் குறைய எந்த போலீஸ் சீர்திருத்தம் முதலில் வரவேண்டும்?

கேமராக்களைக் கூட்ட வேண்டுமா, காவலர்களைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டியவைதான். ஆனால் என்னைக் கேட்டால், கொடுக்கிற புகாரை உள்ளது உள்ளபடி வாங்கி வழக்குப் பதிவு செய்வதுதான் முதலில் நடக்க வேண்டிய சீர்திருத்தம்.

சென்ற ஆண்டு எங்கள் மாடி வீட்டு அக்கா பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவருடைய செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். துணைக்கு நானும் காவல் நிலையம் போனேன். நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், வெள்ளைத்தாள் கொடுத்தார்.

"கூட்டத்தில் தவறி விழுந்துவிட்டது என்று எழுதுங்கள் அம்மா. புது சிம் வாங்க உடனே ரசீது கிடைத்துவிடும்."

"விழவில்லையே சார், பிடுங்கிக்கொண்டு போனான்."

"அப்படி எழுதினால் நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்."

அக்கா அசையவில்லை; பிடுங்கினான் என்றே எழுதிக் கொடுத்தார். கையில் வந்தது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எஃப்.ஐ.ஆர்., அதாவது வழக்குப் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை, போடவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் பறிப்பு தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. இத்தகைய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), 'எங்கள் எல்லை இல்லை' என்று எந்தக் காவல் நிலையமும் கைவிரிக்க முடியாது.

பிறகு ஏன் தயங்குகிறார்கள்? வழக்கு எண்ணிக்கை ஏறினால் ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டும், சட்டசபையில் அமைச்சர் பதில் சொல்ல வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணுவதும் பதிவான வழக்குகளைத்தான். பதியாமலே விட்டால் குற்றம் 'குறைந்துவிடும்'. இதைவிட மலிவான குற்றத்தடுப்பு உண்டா! ஆனால் அந்த பஸ் நிறுத்தத்தில் பறிப்பு நடந்ததாக ஏட்டில் இல்லையென்றால், ரோந்து வண்டி அங்கே ஏன் வரப்போகிறது? எதிரே கம்பத்தில் இருக்கும் கேமராவின் பதிவை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? அதனால், வழக்கு எண்ணிக்கை கூடியதற்காக எந்த நிலையத்தையும் குறை சொல்ல மாட்டோம், பதிய மறுத்தால்தான் கேள்வி வரும் என்று அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பைசா செலவில்லை.

ஆள் பற்றாக்குறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னையில் சட்டம்-ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டர் என்று ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். ஆனால் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் என்றாலும், விநாயகர் ஊர்வலம் என்றாலும், குற்றப்பிரிவுக் காவலர்களும் பந்தோபஸ்துக்குத்தான் போகிறார்கள். புலனாய்வைத் தனியே பிரியுங்கள் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் போட்ட உத்தரவு இங்கே பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. அதே தீர்ப்பு, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் கேட்டது. தமிழ்நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமோ மாநில அளவில் உள்துறைச் செயலாளரையும் மாவட்ட அளவில் கலெக்டரையும் தலைவராக்கியது. மாமியார் மேல் உள்ள குறையை மாமனாரிடம் சொல்வது போலத்தான்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: நடந்ததை மாற்றி எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். பதிய மறுத்தால், புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவைக் குறிப்பிட்டுத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.