மறுபடியும் முழுக வேண்டுமா?

கேள்வி: ஐயா, எனக்குக் கைக்குழந்தையிலேயே ராயபுரத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது காசிமேட்டில் இறால் விற்கிறேன். மெஸ் நடத்தும் ஓர் அக்காவுக்கு நான்கு வருடங்களாக ஐஸ் தண்ணீரோடு சேர்த்தே நிறுத்துக் கொடுத்துவிட்டேன். நினைத்தாலே அழுகை வருகிறது. முழுகி ஞானஸ்நானம் எடுத்தால்தான் பாவம் போகும் என்கிறார்கள் தோழிகள். எடுக்கலாமா? – வாசகி, காசிமேடு.

பதில்: சகோதரி, ராயபுரம் என்ற பெயரிலேயே ராயப்பர் இருக்கிறார். இயேசுவின் சீடரான பேதுருவுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் அது. சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில், மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்று எருசலேமில் மக்களை அழைத்தவர் அவரே (அப்போஸ்தலர் 2:38). அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இயேசுவை மூன்று முறை மறுதலித்துவிட்டு, சேவல் கூவியதும் வெளியே போய் மனங்கசந்து அழுதிருந்தார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், வெள்ளிக்காசுகளைத் திருப்பியும் கொடுத்தான். ஆனால் மத்தேயு 27:3 அவனைப் பற்றி 'மனஸ்தாபப்பட்டு' என்று சொல்கிறதே தவிர, 'மனந்திரும்பி' என்று சொல்வதில்லை. கிரேக்க மூலத்திலும் இவை வெவ்வேறு சொற்கள். யூதாஸ் ஆண்டவரிடம் திரும்பி வரவில்லை. பேதுருவோ, மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, கரையில் நிற்பவர் உயிர்த்தெழுந்த ஆண்டவர் என்று கேட்டவுடன், படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போனார். உங்கள் அழுகை எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டு, புதிதான ஜீவனுள்ளவர்களாய் நடந்துகொள்வதற்கு எழுந்து வருவது என்கிறார் பவுல் (ரோமர் 6:4). குழந்தைக்குக் கொடுத்ததே போதும், அதைத் திரும்பக் கொடுக்கலாகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) கொண்டிருக்கும் நிலை; விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது பெந்தெகொஸ்தே சபைகளின் நிலை. என் மனம் முதல் பக்கமே சாய்கிறது. ஆயினும், இது உங்கள் ஆயரோடு உட்கார்ந்து, நிதானமாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய காரியம்.

தராசு அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரரிடம், அதாவது வரி வசூலிப்பவர்களிடம், யோவான் ஸ்நானகன் சொன்னது, கட்டளையிட்டதற்கு அதிகமாய் வாங்காதீர்கள் என்பதே. ஆயக்காரர் தலைவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று தானாகவே முன்வந்தான். நாளைக் காலையில் இறாலைத் தண்ணீர் வடியவிட்டு நிறுத்துக் கொடுங்கள். கொடுத்த கையோடு அந்த அக்காவிடம் உள்ளதைச் சொல்லி, கணக்குப் பார்த்து, இத்தனை மாதத்தில் தீர்க்கிறேன் என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டாலும் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.