கல்லூரி முதலாண்டு முடியப்போகிறது, லீவுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும் முன் என்னென்ன செய்துவைக்க வேண்டும்?

நீங்கள் சென்னையில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறீர்கள், ஊர் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம், வயது பதினெட்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். வீட்டிலிருந்து போய்வருகிறவர்கள் நேராக லைசென்ஸ் பகுதிக்குப் போய்விடலாம்.

கடைசிப் பரீட்சையிலிருந்து நாள் எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ரயிலில் பொது முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. மே 20 கிளம்ப வேண்டுமென்றால் மார்ச் 21. அன்றைக்கு உங்கள் தேர்வு அட்டவணையே வந்திருக்காது. பள்ளி லீவுக் கூட்டமும் இதே நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வண்டிகளைத்தான் மொய்க்கும். போன வருடம் இரண்டாம் செமஸ்டர் எந்தத் தேதியில் முடிந்தது என்று சீனியரிடம் கேட்டு, அதற்கு நாலைந்து நாள் தள்ளி ஸ்லீப்பரில் ஒரு டிக்கெட் போட்டுவையுங்கள். தேதி மாறினால் ரத்துக் கட்டணம் போகும், அவ்வளவுதானே.

தட்கலை நம்பினால், முந்தைய நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும். அன்று காலை இணைக்க உட்கார்ந்தால் ஓடிபி வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஆரம்பித்துவிடும். உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால் அது தானாக ரத்தாகிவிடும். 'ஏறிக்கொண்டு டிடிஆரிடம் பேசிக்கலாம்' என்று ரூம்மேட் சொல்வதைக் கேட்காதீர்கள். கணக்குப்படி நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி.

'அனுபவிக்கச் சொல்லாமல் இவர் என்ன ரெக்கார்டு நோட்டு எழுதுகிறார்' என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். அவர்கள் விடுதி மூட்டைப்பூச்சியை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை போலிருக்கிறது.

அறையை இரண்டு மாதம் பூட்டிப் போட்டால் பூச்சி பட்டினியில் செத்துவிடும் என்பது விடுதிதோறும் உலவும் நம்பிக்கை. சாகாது. வளர்ந்த மூட்டைப்பூச்சி இரத்தமே இல்லாமல் சில மாதங்கள் தாங்கும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே தேடத் தொடங்குங்கள். மெத்தையின் தையல் ஓரம், கட்டில் பலகை சேரும் இடுக்கு, சுவரோர பிளக் பாக்ஸ், சூட்கேஸ் ஜிப்பின் மடிப்பு. பேனா மை தெறித்த மாதிரிக் கரும்புள்ளிகள் இருந்தால் அது அதன் எச்சம்தான். கடையில் வாங்கும் ஸ்ப்ரே ஒருமுறை அடித்தால் போதாது. முட்டைக்கு அது பெரும்பாலும் ஏறாது, ஒரு வாரம் பத்து நாளில் பொரித்து மறுபடி கிளம்பும். அதனால்தான் இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை அடிக்கச் சொல்வது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை வேண்டாம், பூச்சி போகிறதோ இல்லையோ கட்டில் பற்றிக்கொள்ளும்.

மெத்தையை ஊருக்குத் தூக்காதீர்கள். ஸ்லீப்பரில் 40 கிலோ வரை இலவசம்தான், ஆனால் கூடவே பூச்சியும் இலவசமாக வரும். வீடு சேர்ந்ததும் பையைக் கட்டிலில் வைக்காமல் வாசலிலேயே பிரித்து, தாங்கக்கூடிய பருத்தித் துணிகளைக் கை வைக்க முடியாத சூட்டு வெந்நீரில் அரைமணி ஊறப்போடுங்கள். மற்றவற்றைத் தையல் ஓரமாக இஸ்திரி போட்டால் போதும். வெயிலில் சும்மா உதறிப் போட்டால், பூச்சி நிழலான மடிப்புக்கு நகர்ந்துகொள்ளும்.

இனி லைசென்ஸ். லீவில் உருப்படியாக முடிக்கக்கூடியது இது ஒன்றுதான் என்பது என் கட்சி. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடைத்து 30 நாள் கழிந்த பிறகே ஆர்டிஓவில் ஓட்டிக்காட்ட முடியும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். மே 20 ஊர் சேர்ந்து, சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றிவிட்டு ஜூன் 10 வாங்கினால், டெஸ்ட் ஜூலை 10க்கு மேல். அப்போது நீங்கள் மூன்றாம் செமஸ்டர் வகுப்பில் இருப்பீர்கள். முதல் வாரத்திலேயே அரசின் பரிவாகன் சாரதி தளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வாகன வகையில் கவனம் தேவை. கியர் இல்லாதது என்று போட்டு ஸ்கூட்டியில் டெஸ்ட் கொடுத்தால் நாளைக்குப் பைக் ஓட்ட அந்த லைசென்ஸ் உதவாது. கியர் உள்ளதற்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம்.

பழகும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் இருக்க வேண்டும். பலகை குறைந்தது 18 செ.மீ. சதுரம், எழுத்து 10 செ.மீ. உயரம். பின்னால் உட்காருகிறவர் லைசென்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கிறவராகவே இருக்க வேண்டும், நண்பன் சும்மா தொற்றிக்கொள்ளக்கூடாது. டெஸ்டில் '8' வடிவில் ஓட்டிக்காட்டுவதில் தோற்பவர்கள் பலரும் முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்கள். அடுத்த வளைவைப் பாருங்கள். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி. வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சாயும், கால் ஊன்றுவீர்கள், கதை முடிந்தது. மைதானத்தில் கோலமாவால் பெரிய 8 வரைந்து தொடங்கி, நாளாக நாளாகச் சுருக்குங்கள். டெஸ்டுக்குக் கொண்டுபோகும் வண்டியின் இன்சூரன்ஸ், புகைச் சான்று தேதியை முந்தின நாளே பார்த்துவிடுங்கள், சித்தப்பா வண்டி என்றால் இரண்டு தடவை.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு 'இன்டர்ன்ஷிப்' தருகிறவர்கள் மே மாதம் வாட்ஸ்அப்பில் வரிசைகட்டி வருவார்கள். வேலை செய்கிறவனுக்கு நிறுவனம் காசு கொடுப்பதுதானே வழக்கம்? நாலு வீடியோ, ஒரு கூகுள் ஃபார்ம், கடைசியில் தங்க பார்டர் போட்ட சான்றிதழ். முதலாண்டு மாணவனுக்கு சி மொழியில் பாயின்டரே இன்னும் பிடிபட்டிருக்காது, அவனிடம் 'ஏஐ இன்ஜினியர்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வகுப்பு குரூப்பிலேயே இதை ஃபார்வர்டு செய்யும் ஆசிரியர்கள் மேல்தான் எனக்கு அதிக வருத்தம். எல்லாமே மோசடி என்று சொல்லவில்லை. சம்பளம் தராவிட்டாலும் உங்கள் வேலையைத் திருத்திக் கொடுக்க ஒரு ஆள் இருந்தால் போங்கள்.

அது கிடக்கட்டும். ரிசல்ட் பெரும்பாலும் லீவில்தான் வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், விடைத்தாள் நகல் கேட்டு வாங்கிய பிறகே மறுமதிப்பீட்டுக்குப் போட முடியும்; நகலுக்கு விண்ணப்பிக்கத் தருவது சில நாள்தான். ஊரில் சிக்னல் இல்லை என்று தேதி தள்ளிப்போகாது. போர்ட்டல் பாஸ்வேர்டையும் கல்லூரி அலுவலக நம்பரையும் விடுதி அலமாரியில் ஒட்டியிருக்கும் சீட்டில் விட்டுவிட்டு வராமல், போனில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.