பழைய கிரெட்டா டீசல்: வருடத்துக்கு எவ்வளவு செலவு பிடிக்கும்?

கேள்வி: 2017 மாடல் ஹூண்டாய் கிரெட்டா 1.6 டீசல், 82,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர். ரூ.7.75 லட்சம் சொல்கிறார்கள். கையில் இருப்பது 8 லட்சம். மாதம் 700 கி.மீ. ஓட்டுவேன். வருடத்துக்கு என்ன செலவாகும்? - வாசகர், திருப்பூர்

பதில்: வண்டி நல்ல வண்டிதான். ஆனால் அந்த விலைக்கு வாங்கினால், முதல் வருடப் பராமரிப்புக்கே நீங்கள் கடன் வாங்க நேரிடும்.

டீசல் செலவு எளிய கணக்கு. வருடம் 8,400 கி.மீ., லிட்டருக்கு 15 கி.மீ. கிடைத்தால் 560 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ரூ.51,500.

பலரும் கவனிக்காமல் விடுவது இன்ஷூரன்ஸைத்தான். இந்த இன்ஜின் 1,582 சிசி. 1,500 சிசியைத் தாண்டிய கார்களுக்கு 2022 ஜூன் முதல் தேர்ட் பார்ட்டி பிரீமியம் (விபத்தில் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கட்டாய இன்ஷூரன்ஸ்) மட்டுமே ரூ.7,897, ஜிஎஸ்டியோடு ரூ.9,300 தாண்டும். 2020-ல் வந்த அடுத்த தலைமுறை கிரெட்டா டீசல் 1,493 சிசி என்பதால் அதற்கு ரூ.3,416தான். விற்பவர் ‘எனக்கு 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் இருக்கிறது, பிரீமியம் குறைவு’ என்று பாலிசியைக் காட்டலாம். கிளைம் கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி அவருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது. ஆகவே முழு பாலிசிக்கு வருடம் இருபதாயிரத்தை ஒட்டி ஒதுக்குங்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்சியை மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தவர்கள், விபத்துக்குப் பிறகு சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் தவிக்கிறார்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வழக்கமான சர்வீஸ், பேட்டரி, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் போன்ற சில்லறை வேலைகளுக்கு 20,000 முதல் 25,000 வரை வையுங்கள். டயரின் பட்டன் நன்றாக இருக்கிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. அவ்வளவு பழையதென்றால் நான்கையும் மாற்ற வேண்டும். அதற்கு நாற்பதாயிரம் வரை ஆகலாம். கிளட்ச்சும் 82,000 கி.மீ.யில் சந்தேகத்துக்குரியதுதான். மூன்றாவது கியரில் மேடு ஏறும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) எகிறி, வண்டியின் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கிளட்ச் பொருந்தும் சக்கரமான ஃப்ளைவீலும் சேர்ந்து போயிருந்தால் செலவு முப்பதாயிரத்துக்கு மேல் போகும்.

ஆக, டயரையும் கிளட்ச்சையும் சேர்க்காமலே வருடம் ஏறக்குறைய 95,000 ரூபாய். லோன் போடும் எண்ணம் இருந்தால் அதையும் பாருங்கள்: 5 லட்சத்துக்கு 13 சதவீத வட்டியில், 4 வருடத்தில் வட்டி மட்டும் ரூ.1.44 லட்சம் போய்விடும்.

என் கருத்தில் 7 லட்சத்துக்குள் முடித்தால் வாங்கலாம். மீதி ஒரு லட்சத்தை வண்டிக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள். விற்பவர் இறங்கி வராவிட்டால் வேறு வண்டி பாருங்கள். பார்க்கப் போவதைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜினில் தெரியும் கோளாறை மறைக்க முன்பே ஸ்டார்ட் செய்திருக்கலாம். அன்று விலை பேசாமல் திரும்பி வந்து மறுநாள் போங்கள்.