கடலை தீயுது

அண்ணா வணக்கம், நான் பாலக்கோடு பக்கம். தங்கச்சி பையன் பெங்களூர்ல வேலைல இருக்கான், லீவுக்கு வந்தா மொட்டமாடில ஃபோனும் கையுமா ரெண்டு மணி நேரம். என்னடா பண்றான்னு அவன் ஃப்ரெண்ட கேட்டா "கடலை போட்றான் மாமா"ங்கறான். நமக்கு கடலை போடறதுன்னா ஏர் பின்னாடியே நடந்து வெத போடறது. பொண்ணு கூட மணிக்கணக்கா பேசறதுக்கு இந்தப் பேரு எப்டிண்ணா வந்துச்சு?

தம்பி,

போடறதுன்னதும் நமக்கு ஏர் சால் ஞாபகம் வருது, சரி. ஆனா சத்தம் போடறோம், சண்ட போடறோம், அங்க எதையும் வெதைக்கலையே. அதே பசங்க 'கடலை வறுக்கறான்'னும் சொல்றாங்க, ரொம்ப நேரம் ஆச்சுன்னா "டேய் கருகற வாசன வருதுடா"ன்னு கத்தறாங்க, யாரும் களை எடுத்தியா ஜிப்சம் போட்டியான்னு கேக்கறதில்ல. அதனால இந்த வார்த்தைல இருக்கறது காடு இல்ல, பஸ் ஸ்டாண்டு வண்டில மணல் போட்டு வறுக்கற சட்டிதான்னு என் கணக்கு.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல அது கல்லக்கா. திருவண்ணாமல, விழுப்புரம் பக்கம் போனா மல்லாட்ட, மணிலாக்கொட்டைங்கறது தேஞ்சி அப்டி ஆனது. "கல்லக்கா போட்றான்", "மல்லாட்ட போட்றான்"னு எவனாச்சும் சொல்லி கேட்டிருக்கியா? இது காலேஜ் பசங்க வார்த்த, நம்ம காட்டுல மொளச்சது இல்ல.

அறுவை, பிளேடு, ரம்பம், மொக்கை எல்லாமே மாட்டிக்கிட்டு கேக்கறவன் வெச்ச பேரு, கழுத்து அவனுதுதானே. கடலை அப்டி இல்ல, பேசற ரெண்டு பேருக்குமே சொகம்தான், பக்கத்துல ஆளில்லாம நிக்கறான் பாரு, அவன் வெச்ச பேரு இது. கருகற வாசன வர்றது அவன் வயித்துல இருந்துதான்.

உண்மைல கடலையும் பேச்சும் ஒண்ணா இருந்தது திண்ணையிலதான். ஆடிப்பட்டத்துக்கு வெதக்கா உரிக்க பொம்பளைங்க வட்டமா உக்காருவாங்க, ஓடு நமுக்க லேசா தண்ணி தெளிச்சி வெச்சிருப்பாங்க, படிக்கு இவ்ளோன்னு கூலி, பெருவிரல் நுனி செவந்து போயிடும் ஆனா வாய் மட்டும் ஓயாது, சாயங்காலத்துக்குள்ள நாலு ஊரு கல்யாணம், சண்ட, பங்காளி கேஸு எல்லாம் உரிச்சி முடிச்சிருப்பாங்க. அதுக்கு யாரும் கடலை போடறதுன்னு பேர் வைக்கல, உரிக்கறதுன்னுதான் சொன்னாங்க.

நான் காலேஜ் படிக்கறப்போ ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்டுக்கு வந்திருந்தான், வெளிய மழ, வாசல்ல கொட பிடிச்சிட்டு ஃபோன்ல நிக்கறான். அம்மா சாப்பிட கூப்பிடச் சொன்னாங்க, நான் "அவன் கடலை போட்றான், இப்ப வரமாட்டான்"னேன். அம்மா கரண்டியோட திரும்பி, "ஐப்பசி மழைல எவன்டா கல்லக்கா போடுவான், வெத அழுவிப் போவாது?"

அழுவல தம்பி, அடுத்த வருஷமே கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. உன் மருமகன் விஷயத்த தங்கச்சி காதுல லேசா போட்டு வை.